ஒரு பிடிஎஃப், 20,000 டவுன்லோட்: உங்கள் வெப்சைட்டுக்கு பில் எவ்வளவு வரும்?

பெங்களூருவில் ஐடி வேலை. வார இறுதியில் ஊர் நண்பர்கள் நாலு பேருடன் சேர்ந்து டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு இலவச நோட்ஸ் தயாரித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படம், வரைபடம் எல்லாம் சேர்த்து 18 எம்பி பிடிஎஃப். சின்னதாக ஒரு வெப்சைட் போட்டு, அதில் ஏற்றி, டெலிகிராம் சேனலில் லிங்க்கையும் போட்டாச்சு. குரூப் 4 என்பது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கிற தேர்வு. லிங்க் எந்தெந்த குரூப்புக்குப் போகும் என்பது இனி உங்கள் கையில் இல்லை. ஆனால் ஹோஸ்டிங் கணக்கில் கொடுத்திருக்கும் கிரெடிட் கார்டு உங்களுடையது.

மாதக் கடைசியில் என்ன பில் வரும்?

பாட்காஸ்ட் ஆடியோ, மின்னூல், ஆய்வுத் தரவு, சொந்தமாக எழுதிய ஆப்பின் இன்ஸ்டால் ஃபைல் என்று எதை டவுன்லோடுக்கு வைத்தாலும் இந்தக் கேள்வி வரும். பலர் இதற்கு பில் வந்த பிறகுதான் பதில் தேடுகிறார்கள். முன்கூட்டியே கணக்குப் போட முடியும். பெரிய கணிதமும் இல்லை, ஒரே ஒரு பெருக்கல். அந்தப் பெருக்கலில் எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அந்தப் பெருக்கல்

கோப்பின் அளவு × டவுன்லோட் எண்ணிக்கை. அவ்வளவுதான். 18 எம்பி × 20,000 = 3,60,000 எம்பி, அதாவது 360 ஜிபி. ஹோஸ்டிங் நிறுவனங்கள் 'பேண்ட்வித்' என்றும் 'டேட்டா டிரான்ஸ்ஃபர்' என்றும் மாற்றி மாற்றிச் சொல்வது இதைத்தான்: ஒரு மாதத்தில் உங்கள் சர்வரிலிருந்து வெளியே போகும் மொத்த டேட்டா. நீங்கள் சர்வருக்குள் ஏற்றுவதற்குப் பெரும்பாலும் காசு கிடையாது. வெளியே போவதற்குத்தான் மீட்டர் ஓடுகிறது.

டவுன்லோட் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் 2 எம்பி இருந்து, 30,000 பேர் எட்டிப்பார்த்தால் அதற்கே 60 ஜிபி. பிடிஎஃப்பை யோசிக்கிறோம், பக்கத்தின் மேலே அழகுக்காகப் போட்ட பெரிய பேனர் படத்தை மறந்துவிடுகிறோம்.

சரி, 20,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? யூகம்தான். யூகம் தப்பில்லை, ஒரே ஒரு யூகத்தோடு நிற்பதுதான் ஆபத்து. நான் டேட்டா டெஸ்க்கில் வேலை பார்க்கிறவன். எங்கள் பழக்கம், எதிர்காலத்தைப் பற்றிய எந்த எண்ணையும் ஒற்றையாக எழுதாமல் மூன்றாக எழுதுவது. மந்தமாகப் போனால் 5,000, எதிர்பார்த்தபடி போனால் 20,000, பெரிய சேனல் ஒன்று எடுத்துப் போட்டு வைரலானால் ஒரு லட்சம். அப்படியானால் 90 ஜிபி, 360 ஜிபி, 1.8 டிபி. நடு எண்ணுக்கு, போன தடவை நீங்கள் போட்ட போஸ்ட்டை எத்தனை பேர் பார்த்தார்கள், அதில் எத்தனை பேர் லிங்க்கைத் தட்டினார்கள் என்ற உங்கள் சொந்தக் கணக்கே நல்ல ஆரம்பம். இணையத்தில் கிடைக்கும் 'சராசரி கிளிக் விகிதம்' எல்லாம் வேறு யாருடைய வாசகர்களையோ வைத்துப் போட்டது.

ஒரே 360 ஜிபி, மூன்று விலை

இப்போது காசு. ஒரு டாலரைத் தோராயமாக 85 ரூபாய் என்று வைத்து, 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேர்த்துப் பார்ப்போம். எல்லாம் பிடிஎஃப்புக்கு மட்டும்.

அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில், மும்பை மையத்தில் கோப்பை வைத்து நேரடியாக லிங்க் கொடுத்தால், மாதம் முதல் 100 ஜிபி இலவசம். அதற்கு மேல் ஜிபிக்கு 0.1093 டாலர். 360 ஜிபி போனால் 260 ஜிபிக்குக் கட்ட வேண்டும், வரியோடு சுமார் 2,850 ரூபாய். 1.8 டிபி போனால் சுமார் 18,600 ரூபாய். மந்தமான 90 ஜிபிக்கு எதுவும் இல்லை. ஆரம்ப மாதங்களில் பில்லே வராமல் இருந்து ஒரு நாள் திடீரென்று வருவது இதனால்தான்.

டிஜிட்டல் ஓஷனில், பெங்களூரு மையத்திலேயே, மாதம் 6 டாலருக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்தால் அதோடு 1,000 ஜிபி டிரான்ஸ்ஃபர் வருகிறது. தாண்டினால் ஜிபிக்கு ஒரு சென்ட். 360 ஜிபிக்கு வரியோடு சுமார் 600 ரூபாய். 1.8 டிபிக்கு சுமார் 1,400.

கிளவுட்ஃப்ளேரின் ஆர்2 சேமிப்பகத்தில் வெளியே போகும் டேட்டாவுக்குக் கட்டணமே இல்லை. 10 ஜிபி வரை சேமிப்பும் இலவசம். கோப்பைக் கேட்டு வரும் கோரிக்கைகளை எண்ணித்தான் காசு வாங்குகிறார்கள், அதிலும் மாதம் ஒரு கோடி இலவசம். 360 ஜிபிக்கும் பூஜ்யம், 1.8 டிபிக்கும் பூஜ்யம்.

அதே கோப்பு, அதே வாசகர்கள். 18,600 எங்கே, பூஜ்யம் எங்கே! டேட்டாவை அனுப்ப உண்மையில் ஆகும் செலவில் இவ்வளவு வித்தியாசம் இருக்காது. வெளியே போகிற டேட்டாவுக்கு வாசலில் வைக்கிற சுங்கச்சாவடி மாதிரி இது, எவ்வளவு வாங்குவது என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் வியாபார முடிவு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமேசானிலேயே எஸ்3க்கு முன்னால் அவர்களுடைய கிளவுட்ஃப்ரன்ட் சேவையை வைத்தால், பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டும் முறையில் மாதம் 1 டிபி வரை இலவசம், எஸ்3யிலிருந்து கிளவுட்ஃப்ரன்ட்டுக்குப் போவதற்கும் காசில்லை. ஒரே நிறுவனம், ஒரே கோப்பு, ஒரு மதிய நேரத்தில் முடிகிற செட்டிங் வேலை. 2,850 ரூபாய் காணாமல் போய்விடும். இந்த விலைகள் மாறக்கூடியவை, ஏற்றுவதற்கு முன்னால் அவரவர் விலைப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

"எங்க ஹோஸ்டிங் அன்லிமிடெட் பேண்ட்வித் ப்ரோ" என்று சொல்லும் நண்பர் ஒருவர் உங்களுக்கும் இருப்பார். மாதம் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் அப்படித்தான் எழுதியிருக்கும். அதன் விதிமுறைப் பக்கத்தில் 'நியாயமான பயன்பாடு' என்று ஒரு பத்தி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். கோப்புகளை விநியோகிப்பதற்கான கிடங்காகப் பயன்படுத்தக் கூடாது என்று பல நிறுவனங்கள் அதில் எழுதி வைத்திருக்கின்றன. பில் வராது, அது உண்மை. உங்கள் சைட் நின்றுபோகும், அவ்வளவுதான். தேர்வுக்கு முந்தைய வாரம் அது நின்றால் யாருக்கு நஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

கூகுள் டிரைவ் லிங்க்கும் இதே கதைதான். ஒரு கோப்பை அதிகம் பேர் இறக்க ஆரம்பித்தால் கோட்டா முடிந்தது என்று சொல்லிச் சில மணி நேரத்துக்குக் கதவை மூடிவிடும்.

எம்பிபிஎஸ் கணக்கு: டாக்டர் படிப்பு இல்லை

மொத்தம் எவ்வளவு என்பது பில்லைத் தீர்மானிக்கிறது. எந்த வேகத்தில் என்பது உங்கள் சைட் எழுந்து நிற்குமா படுத்துவிடுமா என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் 'பேண்ட்வித்' என்றே அழைப்பதால் நிறையக் குழப்பம்.

கோப்பின் அளவை பைட்டில் சொல்கிறோம். இணைப்பின் வேகத்தை பிட்டில் சொல்கிறோம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி. வீட்டு பிராட்பேண்டில் '100 எம்பிபிஎஸ்' வாங்கிவிட்டு 'டவுன்லோட் 12தான் காட்டுது' என்று கஸ்டமர் கேரில் சண்டை போடுகிறோமே, அந்த எட்டுதான் இந்த எட்டு.

உங்கள் 360 ஜிபி 30 நாளும் சீராகப் போனால் சராசரி வேகம் 1.1 எம்பிபிஎஸ். ஒன்றுமே இல்லை. ஆனால் எந்த டவுன்லோடும் சீராகப் போவதில்லை. 40 சதவீதம் முதல் நாளே நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 8,000. அதில் கால்வாசி லிங்க் போட்ட முதல் ஒரு மணி நேரத்தில், 2,000. ஆளுக்கு 18 எம்பி வீதம் 36,000 எம்பி. மணிக்கு 3,600 நொடி. ஆக நொடிக்கு 10 எம்பி, எட்டால் பெருக்கினால் 80 எம்பிபிஎஸ். மாத சராசரியைப் போல எழுபது மடங்குக்கும் மேல்.

இதுவும் அந்த ஒரு மணி நேரத்தின் சராசரிதான். லிங்க் விழுந்த முதல் சில நிமிடங்களில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு வரலாம். உங்கள் சர்வரின் குழாய் 100 எம்பிபிஎஸ் என்றால் அங்கே அடைத்துக்கொள்ளும். 500 பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு 0.2 எம்பிபிஎஸ். 18 எம்பி இறங்க 12 நிமிடம். அதுவரை யார் பொறுத்திருப்பார்? பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி தட்டுவார்கள். சர்வர் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியைத் தராவிட்டால், முதலில் போன 10 எம்பியும் வீண், அதுவும் உங்கள் மீட்டரில்தான் ஏறும். நெரிசலே கூடுதல் நெரிசலை உண்டாக்குகிறது, தீபாவளிக்கு முதல் நாள் கோயம்பேடு மாதிரி.

பிளஸ் 2 ரிசல்ட் நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு மாணவரின் மதிப்பெண் பக்கம் மிகச் சின்னது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுடையதைக் கூட்டினாலும் மொத்த டேட்டா பெரிதில்லை. ஆனால் எல்லோரும், அவர்களுடைய சித்தப்பா, அத்தை சகிதம், அதே பத்து நிமிடத்தில் வருகிறார்கள். மாதக் கணக்கு அங்கே எதையும் சொல்லாது.

இந்த உச்ச நேரப் பிரச்சினைக்குத்தான் சிடிஎன் என்கிற ஏற்பாடு. உங்கள் கோப்பின் நகலைச் சென்னை, மும்பை, டெல்லி என்று பல ஊர் சர்வர்களில் வைத்துக்கொண்டு, அருகில் இருப்பவருக்கு அங்கிருந்தே கொடுப்பார்கள். உங்கள் சர்வரிலிருந்து கோப்பு சில தடவை மட்டும் போனால் போதும். ஆயிரம் பேர் வந்தாலும் அதற்குத் தெரியாது. மேலே சொன்ன கிளவுட்ஃப்ரன்ட் இதே வகைதான்.

லாக் சொல்வது எண்ணிக்கையா, எடையா?

ஏற்றி ஒரு வாரம் ஆகிவிட்டது. யூகம் சரியா என்று பார்க்க சர்வரின் லாக் ஃபைலைத் திறக்கிறீர்கள். பிடிஎஃப்பின் பெயர் 31,000 தடவை வந்திருக்கிறது. 31,000 டவுன்லோடா? அவசரப்பட்டு ட்வீட் போட்டுவிடாதீர்கள்.

பிரவுசரிலேயே பிடிஎஃப்பைத் திறப்பவர்களுக்கு, கோப்பு துண்டு துண்டாகப் போகலாம். முதல் நாலு பக்கம், பிறகு அவர் கீழே உருட்ட உருட்ட அடுத்த துண்டு. டவுன்லோட் மேனேஜர் ஆப்கள் ஒரே கோப்பை எட்டுத் துண்டாக்கி ஒரே நேரத்தில் இழுக்கும். ஒவ்வொரு துண்டும் லாக்கில் தனி வரி. முழுக் கோப்பு போன வரியில் 200 என்ற குறியீடு இருக்கும், துண்டு போன வரியில் 206. முன்பே வாங்கிய கோப்பு மாறியிருக்கிறதா என்று கேட்டு, 'மாறவில்லை' என்ற பதிலோடு திரும்பியவருக்கு 304, அதில் கோப்பே போகவில்லை.

அதனால் வரிகளை எண்ணி 18 ஆல் பெருக்குவது வேலைக்கு ஆகாது. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டின் வழக்கமான லாக்கிலும் இந்தக் குறியீட்டுக்கு அடுத்து ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு வரியையும் இடைவெளியால் பிரித்தால் பத்தாவது இடம். அந்தக் கோரிக்கைக்கான பதில் எத்தனை பைட் என்பது அது. அந்தப் பத்தியைக் கூட்டுங்கள். எக்ஸெலிலேயே முடியும். வரும் தொகையை 18 எம்பியால் வகுத்தால் 'முழு டவுன்லோடுக்குச் சமமானது எத்தனை' என்று தெரியும். 31,000 வரிகள் 14,000 முழு டவுன்லோடாகச் சுருங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். முன்னால் சிடிஎன் இருந்தால் இந்த லாக் பாதிக் கதையைக்கூடச் சொல்லாது, அவர்களுடைய டேஷ்போர்டில்தான் பார்க்க வேண்டும்.

மனிதர்கள் மட்டுமா டவுன்லோட் செய்கிறார்கள்?

இதுவரை பார்த்ததெல்லாம் ஒழுங்கான வாசகர்கள். பெரிய பில்கள் பெரும்பாலும் அவர்களால் வருவதில்லை.

2024 பிப்ரவரியில் நெட்லிஃபை என்ற ஹோஸ்டிங் சேவையைப் பயன்படுத்திய ஒருவருக்கு 1,04,500 டாலர் பில் வந்தது. சாதாரண சின்ன சைட். நாலு நாளில் 190 டிபி வெளியே போயிருந்தது. பெரும்பகுதிக்குக் காரணம் அதில் இருந்த ஒரே ஒரு பாட்டு, 3.5 எம்பிகூட இல்லாத ஆடியோ கோப்பு. வகுத்துப் பாருங்கள், அந்த ஒரு கோப்பே இவ்வளவு இழுக்க வேண்டுமென்றால் ஐந்து கோடி தடவைக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். மனிதர்கள் செய்கிற காரியமில்லை. அப்போது நெட்லிஃபையில் கூடுதல் 100 ஜிபிக்கு 55 டாலர், 1,900ஐ 55ஆல் பெருக்கினால் சரியாக அந்தத் தொகை. முதலில் 20 சதவீதம், பிறகு 5 சதவீதம் கட்டினால் போதும் என்று பேச்சு நடந்தது. விஷயம் இணையத்தில் வெடித்த பிறகு நிறுவனத்தின் தலைவரே வந்து தள்ளுபடி செய்வதாகச் சொன்னார். அவருக்குக் கிடைத்த வெளிச்சம் எல்லோருக்கும் கிடைக்காது.

இது தாக்குதல் மாதிரி. தாக்கும் எண்ணமே இல்லாமலும் நடக்கும். மென்பொருள் கையேடுகளை இலவசமாக ஹோஸ்ட் செய்யும் ரீட் த டாக்ஸ் தளத்தில், 2024 மே மாதம் ஏஐ பயிற்சிக்காகத் தரவு திரட்டிய ஒரு கிராலர் ஜிப் கோப்புகளை மட்டும் 73 டிபி இறக்கியது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 10 டிபி. அந்தத் தளத்துக்கு 5,000 டாலருக்கு மேல் செலவு. காரணம் ஒரு பக்: அதே கோப்புகளைத் திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டிருந்தது. 'இது மாறியிருக்கிறதா' என்று கேட்கும் வழக்கமும் அதற்கு இல்லை. மேலே 304 என்று பார்த்தோமே, அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். ஏஐ கிராலர்களைத் தடுத்த பிறகு, அவர்களுடைய அந்த வகைப் போக்குவரத்து நாளுக்கு 800 ஜிபியிலிருந்து 200 ஜிபியாக இறங்கியது.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையே 2025 ஏப்ரலில் இதைச் சொன்னது. 2024 ஜனவரியிலிருந்து படம், வீடியோ இறக்குவதற்கான பேண்ட்வித் 50 சதவீதம் கூடியிருக்கிறது, காரணம் மனிதர்கள் இல்லை, பாட்கள். பக்கப் பார்வைகளில் பாட்களின் பங்கு 35 சதவீதம்தான், ஆனால் செலவு அதிகம் வைக்கும் போக்குவரத்தில் 65 சதவீதம் அவற்றால்.

இதற்கு உங்கள் எக்ஸெல் ஷீட்டில் எந்த எண்ணைப் போடுவீர்கள்? போட முடியாது. வாசகர் எண்ணிக்கையை யூகிக்கலாம், ஒரு பக் உள்ள கிராலரின் பசியை யூகிக்க முடியாது. அதனால்தான் என் கருத்தில், இந்தக் கணக்கில் முக்கியமான எண் 'எவ்வளவு போகும்' என்பது இல்லை. 'எவ்வளவுக்கு மேல் போகவே கூடாது' என்பதுதான். அந்த வரம்பை நீங்கள் வைக்காவிட்டால், வரம்பு உங்கள் கார்டின் லிமிட்.

இங்கே ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். எச்சரிக்கை வேறு, தடுப்பு வேறு. அமேசானில் பட்ஜெட் அலர்ட் வைக்கலாம். அது மெயில் அனுப்பும், கோப்பை நிறுத்தாது. செலவுத் தகவல் புதுப்பிக்கப்படவே பல மணி நேரம் ஆகும். ராத்திரி 2 மணிக்கு ஆரம்பித்ததைக் காலையில் காபி குடிக்கும்போது படிப்பீர்கள். வரம்பைத் தொட்டதும் தானாக நிற்கிற திட்டம், அல்லது டேட்டாவுக்குக் காசே வாங்காத இடம், இரண்டில் ஒன்று இருந்தால் தூங்கலாம். சொந்த சர்வர் என்றால், ஒரு இணைப்புக்கு இவ்வளவு வேகம், ஒரு முகவரிக்கு இத்தனை இணைப்பு என்று கட்டுப்பாடு வைக்க என்ஜின்எக்ஸிலேயே வழி இருக்கிறது. சைட் சில மணி நேரம் நிற்பது ஒரு மாதச் சம்பளம் போவதைவிட மேல். உங்கள் சேவை ஆஸ்பத்திரி இல்லை என்றால்.

கோப்பை இளைக்க வையுங்கள்

பெருக்கலில் நமக்கு முழுக் கட்டுப்பாடு உள்ள எண் ஒன்றே ஒன்றுதான்: கோப்பின் அளவு. 18 எம்பியை 6 எம்பி ஆக்கினால் மூன்று யூகங்களும், உச்ச நேர வேகமும், பாட்கள் இழுப்பதும் எல்லாமே மூன்றில் ஒரு பங்காகும்.

பிடிஎஃப் பெருப்பதற்கு முக்கியக் காரணம் ஸ்கேன் பக்கங்கள். டைப் செய்த 40 பக்கம் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். அதே 40 பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, ஸ்கேன் செய்து சேர்த்தால் பல எம்பி, போதாததற்கு அதில் ஒரு சொல்லைத் தேடக்கூட முடியாது. அரசு அலுவலகங்கள் கணினியில் தயாரித்த ஆவணத்தையே பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்து வெளியிடுவதைப் பார்த்து எங்கள் டெஸ்க்கில் பெருமூச்சு விடாத நாளில்லை. நீங்களாவது வேர்டிலிருந்து நேராக பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். படங்களைச் சேர்க்கும் முன் போன் கேமரா அளவிலிருந்து குறைத்துக்கொள்ளுங்கள்.

பிடிஎஃப்பை ஜிப் செய்வதால் பெரிய பலன் இல்லை, அதன் உள்ளே ஏற்கெனவே சுருக்கம் நடந்திருக்கும். சிஎஸ்வி போன்ற எழுத்துக் கோப்புகள் நேர் எதிர், ஜிப் செய்தால் ஐந்தில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கும். தமிழுக்கு இது கூடுதலாக முக்கியம். யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்று எழுத ஐந்து குறியீடு தேவை, இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி. ஆக 15 பைட். ஊர்ப் பெயர், திட்டப் பெயர் எல்லாம் தமிழில் உள்ள பெரிய அட்டவணை ஆங்கில அட்டவணையைவிடக் கனமாக இருப்பது இதனால்தான். சுருக்கினால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இளைக்க வைப்பதில் லாபம் உங்களுக்கு மட்டுமில்லை. நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் மாணவருக்கு 18 எம்பி பெரிய விஷயமில்லை, ஒன்றே கால் சதவீதம்கூட இல்லை. ஆனால் சிக்னல் 2 எம்பிபிஎஸ் கிடைக்கும் இடத்தில் அது இறங்க 72 நொடி. 6 எம்பி என்றால் 24 நொடி. டவுன் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப்புக்கு இடையில் இறங்குமா, அறுந்துபோகுமா என்பதை அந்த 48 நொடி தீர்மானிக்கும்.

காசே செலவழிக்காமல் வைக்க வேறு இடமும் இருக்கிறது. கிட்ஹப்பில் ரிலீஸ் பகுதியில் ஏற்றினால் ஒரு கோப்பு 2 ஜிபிக்குள் இருக்க வேண்டும், பேண்ட்வித்துக்கு வரம்பில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதே கிட்ஹப்பின் பேஜஸ் சேவைக்கு மாதம் 100 ஜிபி என்ற வரம்பு உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் இலவசம், நன்கொடையில் ஓடும் நூலகம். 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் முடங்கியது. எனவே ஒரே இடத்தை நம்பாமல் இரண்டு லிங்க் கொடுப்பது நல்லது.

லிங்க் போகாது, ஃபைலே போகும்

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒரு திருத்தம். உங்கள் பிடிஎஃப்பை முதலில் இறக்கிய ஒருவர் லிங்க்கை ஃபார்வேர்டு செய்ய மாட்டார். ஃபைலையே வாட்ஸ்அப்பில் போடுவார். வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டும் 2 ஜிபி வரை கோப்பு அனுப்ப விடுகின்றன. அதன் பிறகு அந்த நகல் ஊர் முழுக்கச் சுற்றினாலும் உங்கள் சர்வருக்கு ஒரு பைட்டும் செலவில்லை. உங்கள் லாக்கில் 14,000 என்றால் உண்மையில் படித்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு இருக்கலாம். பில்லுக்கு இது நல்ல செய்தி.

ஆனால் 112ஆம் பக்கத்தில் ஒரு விடை தப்பு என்று மூன்றாம் நாள் தெரியவருகிறது. நீங்கள் சர்வரில் திருத்திய கோப்பை ஏற்றிவிடுவீர்கள். பழைய பெயரிலேயே ஏற்றினால் சிடிஎன் இன்னும் கொஞ்ச நேரம் பழைய நகலையே கொடுத்துக்கொண்டிருக்கும், எனவே பெயரில் 'பதிப்பு 2' என்று மாற்றி ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் நகலை யாராலும் திருத்த முடியாது. அதற்கு ஒரே வழி, முதல் நாளே செய்துவைக்க வேண்டியது: ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண், தேதி, 'திருத்தங்களுக்கு' என்று உங்கள் பக்கத்தின் முகவரி. அந்தப் பக்கத்தில் திருத்தப் பட்டியலைச் சாதாரண எழுத்தாகப் போடுங்கள். சில கேபிதான் வரும். எத்தனை லட்சம் பேர் வந்து பார்த்தாலும் பில்லில் தெரியாது.